டம்மி

பங்குனி மூணு மணி.
கணவாய்க் காற்று
ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து
மூஞ்சிக்கு நேரே பிடித்த மாதிரி.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் எனக்கு முன்னால்
பதினோரு இளநீர் லாரிகள்.
பின்சீட்டுப் பெட்டிக்குள்
ஒன்பது லிப்ஸ்டிக்கும்
ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன.

கிணத்துக்கடவு மண்டபத்தில்
பெண்ணின் அம்மா என்னையே பார்த்தாள்.
"உங்க மூஞ்சியே வழியுது,
எம்பொண்ணுக்கு மட்டும் நிக்குமா?"

கொழிஞ்சாம்பாறை சுதேவன்
பானட்டைத் திறந்தான். உடனே மூடினான்.
"கம்ப்ரஸர் போயி, சேச்சி."
பதினெட்டாயிரம்.
போன மாதம் கேஸ் நிரப்பி
முள் சரியாக நிற்கிறது பாருங்கள் என்று
மீட்டரைக் காட்டியவனும் அவன்தான்.

பதினெட்டாயிரம் என்பது ஆறு மணப்பெண்கள்.
அதுவும்
பேசின பணத்தைக் குறைக்காத மணப்பெண்கள்.

அன்று ராத்திரி
ரிங் லைட்டை பானட்டுக்குள் சாய்த்து வைத்தேன்.
எத்தனையோ கன்னங்களைப் பார்த்த வெளிச்சம்
முதல்முறையாக கிரீஸைப் பார்த்தது.
ஃபியூஸ்: கம்பி அறுபடவில்லை.
ரிலே: ஹாரனுடையதைப் பிடுங்கி ஏசிக்குச் செருகினேன்.
ஏசி பேசவில்லை.
ஏசியுடையதை ஹாரனுக்குப் போட்டு அமுக்கினேன்.
கள்ளுக்கடைப் பக்கமிருந்து ஒரு நாய்
பதில் சொன்னது.
அப்படியானால் ரிலே மேல் தப்பில்லை.

மிச்சம், டேஷ்போர்டில் விரல்நக அளவு பட்டன்.
ஃபவுண்டேஷன் கலக்கும் தகடால்
பேனலை நெம்பி எடுத்தேன்.
எந்த இரண்டு கம்பி என்று
மூன்று தடவை யோசித்து
ஒரு கொண்டை ஊசியை வளைத்து
இரண்டையும் தொடவைத்தேன்.

டக்.

இன்ஜின் ஒரு மூச்சு தாழ்ந்தது.
கொஞ்ச நேரம் பழைய நாற்றம்,
பிறகு மணிக்கட்டில் குளிர்.
கம்ப்ரஸர் எங்கும் போகவில்லை.

பட்டனைப் பிரித்தால்
உள்ளே செம்புத் தகட்டின் மேல்
பழுப்பாய் ஒரு பூச்சு.
தடவிப் பார்த்தேன்.
காம்பாக்ட் பவுடர். ஐவரி, இரண்டாம் நம்பர்.
மேலே ஹேர் ஸ்ப்ரே காய்ந்து வார்னிஷ்.
நாலு வருஷமாக விடியற்காலைகளில்
கண்ணாடியைத் திருப்பி
காரிலேயே என்னைச் சரிசெய்துகொண்ட பாவம்.
யாரைத் திட்டுவது?

உக்கடத்தில், அடிபட்ட கார்களை உரிக்கிற கடை.
"பட்டன் தனியா வராதுக்கா, செட்டாத்தான்.
டாப் மாடல். உள்ளே வெள்ளை லைட் எரியும்."
எழுநூற்றைம்பது.

என்னுடையது கடைசி மாடல்.
ஸ்டியரிங் பக்கத்தில் மூன்று டம்மி.
அமுக்கினால் அமுங்காத பட்டன்கள்.
நீ எதெதற்குப் பணம் கட்டவில்லை என்று
தினமும் காலையில் ஞாபகப்படுத்தும்
கறுப்புப் பல்வரிசை.

முதல் டம்மியைப் பிடுங்கினேன்.
பின்னால், பஞ்சு டேப் சுற்றிய ஒரு சாக்கெட்
சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.
டெஸ்ட் லாம்பை வைத்தேன்.
எரிந்தது.

கரண்ட் அதுவரைக்கும் வந்திருக்கிறது.
கம்பெனியிலேயே இழுத்துவிட்டிருக்கிறார்கள்.
இந்த நாலு வருஷமும்.
பட்டனை மட்டும்தான் கொடுக்கவில்லை.

கைத்துடைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கக் கண்ணாடிக்கு உயிர் வந்தது,
மோட்டார் தனியாக வாங்கிப் போட்ட பிறகு.
பனிவிளக்குப் பட்டன் அழகாக எரிகிறது,
காருக்கு முன்னால் பனிவிளக்கு இல்லை.
பாலக்காட்டு வெயிலில் எனக்கு எதற்குப் பனி,
எரியட்டும்.
மூன்றாவது ஓட்டையில் கம்பியே வரவில்லை.
அங்கே டம்மியையே திரும்ப வைத்துவிட்டேன்.

மறுவாரம் செக்போஸ்ட்.
அதே மூணு மணி, அதே இளநீர் லாரிகள்.
போலீஸ்காரன் கண்ணாடியைத் தட்டினான்.
இறக்கினேன்.
உள்ளே இருந்த குளிர் அவன் சட்டைக்குள் போனது.
"எந்தா பெட்டியில்?"
லிப்ஸ்டிக், ஒன்பது.

வெயிலில் நின்றபடி
தலையை மட்டும் உள்ளே நீட்டி
ஒவ்வொன்றாக மூடி திறந்து
வழக்கத்தைவிட நிதானமாகச் சோதித்தான்.